குரல் வீட்டுக்குள்ளே, அப்டேட் யார் கையில்?

2025 மார்ச் 28 அன்று அமெரிக்காவில் அமேசானின் சில எக்கோ குரல் ஸ்பீக்கர்களிலிருந்து ஒரு வசதி காணாமல் போனது. 'குரல் பதிவுகளை அனுப்பாதே' என்று அமைப்புகளில் ஒரு வரி இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து வைத்தவர்கள் பேசுவது ஸ்பீக்கருக்குள்ளேயே எழுத்தாக மாறிவிடும். எழுத்து மட்டும்தான் அமேசானுக்குப் போகும், ஒலி போகாது. நான்காம் தலைமுறை எக்கோ டாட், எக்கோ ஷோ 10, எக்கோ ஷோ 15 ஆகிய மூன்று மாடல்களுக்கு, அதுவும் அமெரிக்க ஆங்கிலத்துக்கு மட்டுமே இருந்த வசதி அது. பயன்படுத்தியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. செயற்கை நுண்ணறிவு சேர்ந்த புதிய அலெக்ஸாவுக்கு (எக்கோவில் பேசும் குரல் உதவியாளர்) க்ளவுட்டின், அதாவது நிறுவனத்தின் தொலைதூர சர்வர்களின், திறன் வேண்டியிருக்கிறது, ஆகவே இதை நிறுத்துகிறோம் என்று. ஸ்பீக்கர் அதேதான், உள்ளே இருக்கும் சிப்பும் அதேதான். நேற்று வரை செய்த வேலையை இன்று செய்யாது, அவ்வளவுதான்.

இந்தச் செய்தி வந்தபோது எல்லோரும் தனியுரிமையைப் பற்றியே பேசினார்கள். எனக்கு இதில் வேறொன்றும் பட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருள் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை வாங்கிய பிறகும் வேறொருவர் மாற்ற முடிகிறது. குரல் எங்கே கேட்கப்படுகிறது என்ற கேள்வியையும், அப்டேட்டை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வியையும் நாம் தனித்தனியாகக் கேட்டுப் பழகிவிட்டோம். நிரலை யாரும் படித்து மாற்றக்கூடிய திறமூல ஸ்மார்ட் ஹோம் பக்கம் போனால் இரண்டும் ஒரே கேள்வி என்பது சீக்கிரம் புரியும். அங்கே இரண்டுக்கும் பதில் 'நீதான்' என்பதும், அது அப்படியொன்றும் சுகமான பதில் அல்ல என்பதும் கூடவே புரியும்.

இதற்குக் கொஞ்சம் பழைய கதை ஒன்று உண்டு. பாரிஸில் ஸ்னிப்ஸ் என்ற நிறுவனம் இருந்தது. அவர்களுடைய குரல் உதவியாளர் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினிப் பலகையில், இன்டர்நெட்டே இல்லாமல் ஓடியது. வீட்டு ஆட்டோமேஷனில் ஆர்வம் கொண்டவர்கள் கொண்டாடினார்கள். ஒரே ஒரு சிக்கல்: உதவியாளருக்குப் புதிதாக ஒரு வாக்கியம் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் அவர்களுடைய இணையதளத்துக்குப் போய்த்தான் செய்ய வேண்டும். 2019 நவம்பரில் சோனோஸ் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் ஸ்னிப்ஸை வாங்கியது. 2020 ஜனவரி 31 அன்று அந்த இணையதளம் மூடப்பட்டது. ஏற்கெனவே நிறுவியிருந்தவர்களின் பலகைகள் தொடர்ந்து விளக்கைப் போட்டன, அணைத்தன. ஆனால் வீட்டில் புதிதாக ஒரு ஃபேன் மாட்டினால் அதன் பெயரைச் சொல்லிக்கொடுக்க வழியில்லை. அன்றைக்குத் தெரிந்த வார்த்தைகளோடு அப்படியே உறைந்துபோன ஒரு வேலையாள். வீட்டுக்குள் ஓடினால் மட்டும் போதாது, வீட்டுக்குள்ளிருந்தே அதை மாற்றவும் முடிய வேண்டும் என்பதை அந்த வட்டாரத்துக்கு அடித்துச் சொன்ன சம்பவம் அது.

அப்போது பலர் ஒதுங்கிய இடம் ராஸ்பி. மைக் ஹான்சன் என்ற புரோகிராமர் உருவாக்கிய திறமூலக் குரல் உதவியாளர். கற்றுக்கொடுப்பது, ஓட்டுவது எல்லாமே சொந்தக் கணினியில் நடக்கும். ஹான்சன் பிறகு மைக்ராஃப்ட் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தார். திறமூலக் குரல் ஸ்பீக்கர் விற்க முயன்ற நிறுவனம் அது. மார்க் 2 என்ற ஸ்பீக்கருக்கு 2018இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டியது, காப்புரிமை வழக்கு ஒன்றில் சிக்கிப் பணத்தைக் கரைத்தது, 2023 பிப்ரவரியில் இனி முன்பதிவுகளை நிறைவேற்ற முடியாது என்று கைவிரித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே ஹான்சன் நபு காசா நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார்.

நபு காசா என்றால் ஹோம் அசிஸ்டன்ட்டுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். பவுலஸ் ஷௌட்சன் 2013இல் பைத்தான் மொழியில் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட், வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்; இன்று திறமூல ஸ்மார்ட் ஹோம் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர். 2024 ஏப்ரலிலிருந்து அதன் உரிமை சுவிட்சர்லாந்தில் பதிவான ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பிடம் இருக்கிறது. நிறுவனத்தை யாராவது வாங்கினாலும் மென்பொருளை வாங்க முடியாது என்பதற்கான ஏற்பாடு. ஸ்னிப்ஸ் கதை தெரிந்தவர்களுக்கு இது ஏன் செய்யப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

2023ஆம் ஆண்டை 'குரலின் ஆண்டு' என்று அறிவித்துக்கொண்டு அவர்கள் செய்த வேலைதான் இன்றைக்கு உள்ளூர்க் குரல் கட்டுப்பாட்டின் அடித்தளம். அது எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நாலு பேர் கைமாறும் வாக்கியம்

'சமையலறை விளக்கைப் போடு' என்று சொல்கிறீர்கள். இதைச் செய்வது ஒரே மென்பொருள் அல்ல. முதலில் உங்கள் அழைப்புச் சொல்லைக் கேட்டு விழித்துக்கொள்ள ஒருவர், பேச்சை எழுத்தாக்க ஒருவர், எழுத்தைப் படித்து என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்க ஒருவர், கடைசியில் 'போட்டாச்சு' என்று திருப்பிச் சொல்ல ஒருவர். நாலு தனித்தனி மென்பொருள்கள், ஒவ்வொன்றும் தனித்தனி அப்டேட்களோடு. இது பின்னால் முக்கியமாகும்.

அழைப்புச் சொல்லைக் கேட்கும் வேலைக்கு முதலில் வந்தது ஓப்பன்வேக்வேர்ட். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு சொல்லை அடையாளம் காணப் பழக்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான பேர் அந்தச் சொல்லைச் சொன்ன பதிவுகள் வேண்டும். அதற்கு எங்கே போவது? கணினியையே ஆயிரக்கணக்கான குரல்களில் பேசவைத்து, அதைக் கேட்கவைத்தே பழக்கினார்கள். 2024 தொடக்கத்தில் வந்த மைக்ரோவேக்வேர்ட், இதே வேலையை ஈ.எஸ்.பி.32-எஸ்3 என்ற சில நூறு ரூபாய்ச் சிப்புக்குள்ளேயே முடித்தது. அதாவது, அழைப்புச் சொல்லைச் சொல்லும் வரை உங்கள் பேச்சு அந்தச் சிப் இருக்கும் மைக் பெட்டியைத் தாண்டாது, ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் வீட்டு சர்வருக்குக்கூடப் போகாது.

அடுத்தது பேச்சை எழுத்தாக்குவது. இங்கேதான் இழுபறி. பெரும்பாலோர் பயன்படுத்துவது ஓப்பன்ஏஐ 2022இல் இலவசமாக வெளியிட்ட விஸ்பர் மாடல். எந்தப் பேச்சையும் எழுத முயலும், அதனால் கனமானது. ராஸ்பெரி பை 4இல் ஒரு கட்டளையை எழுத்தாக்க ஏறக்குறைய 8 விநாடி ஆகும் என்று ஹோம் அசிஸ்டன்ட் ஆவணங்களே சொல்கின்றன. 8 விநாடி என்பது சும்மா இல்லை. இருட்டில் நின்று விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணிப் பாருங்கள். நாலு எண்ணுவதற்குள் கை சுவிட்சைத் தேடிவிடும். இன்டெல் சிப் போட்ட ஒரு சின்னக் கணினியில் இதே வேலை ஒரு விநாடிக்குள் முடிகிறது. க்ளவுட் நிறுவனங்கள் இலவசமாகக் கொடுப்பதாக நாம் நினைப்பது இந்தக் கணிப்புச் செலவைத்தான்.

2025 பிப்ரவரியில் இதற்கு வேறு திசையிலிருந்து ஒரு விடை வந்தது: ஸ்பீச்-டு-ஃபிரேஸ். இது உங்கள் பேச்சை எழுதவே முயல்வதில்லை. உங்கள் வீட்டில் இருக்கும் அறைகள், சாதனங்களின் பெயர்களை எடுத்து, நீங்கள் சொல்லக்கூடிய கட்டளைகளின் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே தயாரித்துக்கொள்கிறது. பிறகு கேட்ட ஒலி அந்தப் பட்டியலில் எதற்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. அதே ராஸ்பெரி பை 4இல் ஒரு விநாடிக்குள் வேலை முடிகிறது. புதிதாக ஒரு ஃபேன் சேர்த்தால் பட்டியலைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. ராஸ்பி காலத்து யோசனைதான், தேய்த்துப் பளபளப்பாக்கி வந்திருக்கிறது. கடையில் வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் 'முருங்கைக்காய் சேர்' என்று சொன்னால் இதற்குப் புரியாது, கட்டளைப் பட்டியலில் இல்லாத சொல் அது. ஆனால் விளக்கு, ஃபேன், மோட்டார் என்று வீட்டில் தினமும் சொல்வது எத்தனை வாக்கியம்? விரல் விட்டு எண்ணிவிடலாம். என்னைக் கேட்டால், கடந்த சில ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த புத்திசாலித்தனமான காரியம் இதுதான். பெரிய மாடலுக்கு ஆசைப்படாமல் வேலையைச் சின்னதாக்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது கட்டம், எழுத்தைப் படித்து முடிவெடுப்பது. இதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் கிடையாது. '[அறை] [சாதனம்] போடு' என்பது போன்ற வாக்கிய அச்சுகள்தான். ஒவ்வொரு மொழிக்கும் அந்த மொழி பேசும் தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். அச்சில் பொருந்தாத வாக்கியம் வந்தால் மட்டும் ஏதாவது ஒரு பெரிய மொழி மாடலுக்குத் தள்ளிவிடும்படி 2024 டிசம்பரிலிருந்து வைத்துக்கொள்ளலாம். அந்த மாடலையும் ஒல்லாமா என்ற மென்பொருள் மூலம் வீட்டிலேயே ஓட்டலாம், கிராஃபிக்ஸ் கார்டும் கரண்ட் பில்லும் தாங்கினால். கடைசிக் கட்டமான பேசும் வேலையை பைப்பர் செய்கிறது. ராஸ்பெரி பை 4ஐ மனதில் வைத்தே எழுதப்பட்டது, அதில் குறையொன்றுமில்லை.

இந்த அச்சு முறையில் தமிழை வைத்துப் பார்த்தால் ஒரு சுவாரசியமான முடிச்சு விழுகிறது. ஆங்கிலத்தில் அறையின் பெயர் எங்கே வந்தாலும் மாறாது, முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். தமிழில் மாடி, மாடியில் என்று சுலபமாகப் போகும். கூடம் 'கூடத்தில்' ஆகும். வீடு 'வீட்டில்' ஆகும். பெயரின் பின்னால் 'இல்' ஒட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு அச்சு எழுதினால் 'கூடம்இல்' என்று நிற்கும். அதையும் யார் பேசுகிறார்கள்? 'ஹால்ல லைட்டப் போடு' என்கிறோம். அணைப்பதற்கு ஒருவர் 'ஆஃப் பண்ணு' என்பார், ஒருவர் 'நிறுத்து' என்பார், தெற்கே 'அமத்து', யாழ்ப்பாணத்தில் 'நூர்'. ஏசியைப் போடு என்றால் ஓடவிடு என்று பொருள். பூட்டைப் போடு என்றால் பூட்டு என்று பொருள். ஒரே 'போடு', சாதனத்தைப் பொறுத்து வேறு வேலை. தீர்வு இல்லாமல் இல்லை. ஹோம் அசிஸ்டன்ட்டில் ஒவ்வொரு அறைக்கும் சாதனத்துக்கும் மாற்றுப்பெயர்கள் கொடுக்கலாம். சொந்த வாக்கிய அச்சுகளும் எழுதிச் சேர்க்கலாம். வேலைதான் கொஞ்சம்.

விஸ்பர் பக்கமும் தமிழுக்கு நிலைமை சுமார். அதைப் பழக்கிய 680,000 மணி நேரப் பேச்சில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கு அந்தந்த மொழி எழுத்தோடு கிடைத்தது 117,000 மணி நேரம். அதில் தமிழின் பங்கு 136 மணி நேரம். இந்திக்கு 12தான் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ஆனால் வெட்டிப் பேசும் வீட்டுத் தமிழுக்கு 136 மணி நேரம் எந்த மூலைக்கு? இதுவும் கவனியுங்கள், இது குறை என்றாலும் மறைந்திருக்கும் குறை அல்ல. மாடல் திறந்து கிடக்கிறது. தமிழ்ப் பேச்சை வைத்து யார் வேண்டுமானாலும் மேலே பழக்கிக்கொள்ளலாம், பழக்கியதை உங்கள் வீட்டில் போட்டுக்கொள்ளலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மைக் இல்லாமல் இதெல்லாம் காகிதத்தில்தான். முதலில் 13 டாலர் ஆட்டம் எக்கோ என்ற கட்டைவிரல் அளவுப் பெட்டியை வைத்து ஒப்பேற்றினார்கள். பக்கத்தில் போய்ப் பேசினால்தான் கேட்கும். பழைய லேண்ட்லைன் போனை ஒரு அடாப்டரில் செருகி, ரிசீவரை எடுத்தால் வீட்டோடு பேசலாம் என்றுகூடச் செய்து காட்டினார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ரிசீவரை வைத்துவிட்டால் ஒட்டுக்கேட்க வழியே இல்லை. 2024 டிசம்பரில் 59 டாலருக்கு ஹோம் அசிஸ்டன்ட்டின் சொந்த மைக் பெட்டியான வாய்ஸ் பிரிவியூ எடிஷன் வந்தது. இரண்டு மைக், சத்தத்தை வடிகட்டத் தனியாக ஒரு எக்ஸ்மாஸ் சிப், அழைப்புச் சொல்லுக்கு ஈ.எஸ்.பி.32-எஸ்3. பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கிறது; தள்ளினால் மைக்குக்குப் போகும் மின்சாரமே துண்டாகும். மென்பொருளில் 'மியூட்' என்று காட்டும் வேலை அல்ல. உள்ளே ஓடும் ஃபர்ம்வேர், அதாவது சாதனத்திலேயே பதிந்த மென்பொருள், திறமூலம். 'பிரிவியூ' என்று பெயரிலேயே போட்டிருப்பது நேர்மை. சத்தமான அறையில் பெரிய நிறுவனங்களின் ஸ்பீக்கர் காதுக்கு இது ஈடாகாது.

மாதத்தின் முதல் புதன்

சரி, அப்டேட்டுக்கு வருவோம். ஹோம் அசிஸ்டன்ட் மாதத்துக்கு ஒரு முறை, முதல் புதன்கிழமை புதிய பதிப்பை வெளியிடுகிறது. 2025.1, 2025.2 என்று ஆண்டும் மாதமுமே பதிப்பின் பெயர். ஒரு வாரம் முன்னதாக பீட்டா எனும் சோதனைப் பதிப்பு. வெளியான பிறகு வரும் நாட்களில் 2025.1.1, 2025.1.2 என்று திருத்தங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பிலும் 'பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்கள்' என்று ஒரு பகுதி இருக்கும். புது வசதிகளின் படங்களைப் பார்த்து மயங்காமல் நேராக அந்தப் பகுதிக்குப் போய்ப் படிக்கிறவர்தான் அனுபவசாலி.

ஏனென்றால் உடையும். 2025 ஜனவரியில், வயர்லெஸ் பொத்தான்களையும் சென்சார்களையும் ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி என்ற பிரபலமான துணை மென்பொருள் 2.0 பதிப்புக்குத் தாவியது. பொத்தான்களின் அழுத்தத்தைச் சொல்லிவந்த பழைய சென்சார் முறை அதில் இயல்பாகவே அணைக்கப்பட்டிருந்தது. அதை நம்பி ஆட்டோமேஷன் எழுதியவர்களின் வீட்டில், அப்டேட் பொத்தானைத் தட்டிய பிறகு, சுவரில் ஒட்டிய சுவிட்ச் வெறும் பிளாஸ்டிக். அறிவிப்பு முன்கூட்டியே இருந்தது, திருத்தும் வழியும் எழுதப்பட்டிருந்தது. படிக்காமல் தட்டியவருக்கு அது என்ன ஆறுதல்?

குரலில் இது இன்னும் நுணுக்கம். மேலே சொன்ன நாலு பேரில் வாக்கிய அச்சுகள் ஹோம் அசிஸ்டன்ட் பதிப்போடு சேர்ந்தே வருகின்றன. விஸ்பரும் பைப்பரும் தனி. மைக் பெட்டியின் ஃபர்ம்வேர் தனி. போன மாதம் புரிந்த வாக்கியம் இந்த மாதம் புரியவில்லை என்றால் நாலில் எது மாறியது என்று நீங்கள்தான் தேட வேண்டும். ஒரு நல்ல விஷயம், பழக்கி முடித்த குரல் மாடல் என்பது டிஸ்க்கில் கிடக்கும் ஒரு கோப்பு. அது தானாக மாறாது, காலாவதியும் ஆகாது. பிடித்த பதிப்பில் நிறுத்திவைக்கலாம். க்ளவுட் ஸ்பீக்கரில் 'போன மாத அலெக்ஸா' என்று ஒன்று கிடையவே கிடையாது.

உடைந்தால் திரும்பி வருவதற்கான ஏற்பாடுகள் நன்றாகவே இருக்கின்றன. ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளம் டிஸ்க்கில் இரண்டு இடம் வைத்துக்கொள்கிறது. ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை மற்றதில் எழுதும். புதியது எழும்பவில்லை என்றால் பழையதற்கே திரும்பும். மைக் பெட்டி, சென்சார் போன்றவற்றில் ஓடும் இஎஸ்பிஹோம் ஃபர்ம்வேரும் இதே தத்துவம்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் பழைய பாதி பத்திரமாக இருக்கும். பத்து முறை எழும்பத் தவறினால், அப்டேட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளும் பாதுகாப்பு நிலைக்குப் போய்க் காத்திருக்கும். 2025 ஜனவரியிலிருந்து தானியங்கி பேக்கப்பும் அமைத்துக்கொள்ளலாம். இவற்றில் எதுவும் மெமரி கார்டைக் காப்பாற்றாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் ராஸ்பெரி பையை மெமரி கார்டில் ஓட்டுவது, அப்புறம் பேக்கப்பையும் அதே கார்டில் வைப்பது, இரண்டும் வம்பை விலைக்கு வாங்குவது.

அப்படியென்றால் அப்டேட்டே செய்யாமல் இருந்துவிடலாமா? நன்றாக ஓடுவதை எதற்குத் தொடுவது என்ற நியாயம் எனக்கும் உண்டு. ஆனால் 2023 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். சி.வி.இ.-2023-27482 என்று எண்ணிட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டையின் விவரம் வெளியிடப்பட்டது. ஆபத்து அளவுகோலில் 10க்கு 10. கடவுச்சொல்லே இல்லாமல், ஹோம் அசிஸ்டன்ட்டின் சூப்பர்வைசர் என்ற மேலாண்மைப் பகுதியோடு நேரடியாகப் பேச வழி விட்டது அது. 2017இலிருந்தே இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. வீட்டு சர்வரை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்த ஒவ்வொருவரும் ஆபத்தில் இருந்தார்கள். இங்கே ஒன்று நடந்தது: சூப்பர்வைசர் மட்டும் பயனரைக் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வகை. அதனால் ஓட்டையின் விவரம் வெளியாகும்போதே ஏராளமான வீடுகளில் திருத்தம் போய்ச் சேர்ந்திருந்தது. 'என் வீட்டில் என்னைக் கேட்காமல் எதுவும் மாறக் கூடாது' என்று கொள்கை பேசுகிறவர்களையும் காப்பாற்றியது, கேட்காமல் நடந்த அந்த அப்டேட்தான். கொஞ்சம் சங்கடமான உண்மை.

ஆனால் எக்கோவின் மார்ச் 28க்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. சூப்பர்வைசரில் என்ன மாறியது என்பதை வரி வரியாக யாரும் படிக்கலாம். அது ஓட்டையை அடைத்தது, வசதியைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் அந்த நிரலை எடுத்து வேறு பெயரில் தொடர இன்னொருவருக்கு உரிமை உண்டு.

வேறொரு வகை உடைசலும் உண்டு, அதற்கு உங்கள் அப்டேட் பொத்தானோடு சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் சேம்பர்லைன் நிறுவனத்தின் மைக்யூ கராஜ் கதவுகளை ஹோம் அசிஸ்டன்ட்டில் இணைத்துப் பலர் பயன்படுத்திவந்தார்கள். இணைப்பு அந்த நிறுவனத்தின் க்ளவுட் வழியாகத்தான். 2023 இறுதியில் நிறுவனம் வெளி மென்பொருள்களைத் தடுத்தது. 2023.12 பதிப்பில் அந்த இணைப்பையே ஹோம் அசிஸ்டன்ட் நீக்க வேண்டியதாயிற்று. வீட்டில் எதுவும் மாறவில்லை, கதவு மட்டும் பதில் சொல்லவில்லை. பலர் ராட்ஜிடிஓ என்ற சிறு பலகையை வாங்கிக் கதவு மோட்டாரின் கம்பியிலேயே இணைத்துக்கொண்டார்கள், க்ளவுடை விட்டுவிட்டு. ஹோம் அசிஸ்டன்ட்டின் ஒவ்வொரு இணைப்புக்கும் 'உள்ளூர்' அல்லது 'க்ளவுட்' என்ற அடையாளம் போடப்பட்டிருக்கிறது. சாதனம் வாங்கும் முன் அந்த ஒரு சொல்லைப் பார்ப்பது, குரல் எங்கே எழுத்தாகிறது என்று கவலைப்படுவதைவிட அவசரமானது. நீங்கள் சொன்னது வீட்டுக்குள்ளேயே புரிந்துகொள்ளப்பட்டு, கட்டளை மட்டும் வேறு கண்டத்துக்குப் போய்த் திரும்பினால் என்ன உள்ளூர்? 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா டேட்டா சென்டர்களில் கோளாறு ஏற்பட்டபோது அலெக்ஸாவும் ரிங் கேமராக்களும் முடங்கியதை உலகமே பார்த்தது.

திறமூலமும் கைவிடும், அதையும் சொல்ல வேண்டும். 32 பிட் கணினிகளுக்கான ஆதரவை நிறுத்தப்போவதாக 2025 மே மாதம் ஹோம் அசிஸ்டன்ட் அறிவித்தது. ஆறு மாத அவகாசம், ஆண்டு முடிவோடு சரி. பழைய பலகை வைத்திருந்தவர்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகும் அந்தப் பலகைகள் நிற்கவில்லை. கடைசியாகப் போட்ட பதிப்பில், அன்றைக்குத் தெரிந்த வாக்கியங்களோடு, விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கும். ஸ்னிப்ஸ் பயனர்களுக்கு அத்தோடு வழி முடிந்தது. இங்கே ராஸ்பெரி பை 3 வைத்திருப்பவர் பேக்கப்பைக் கணினியில் இறக்கி, அதே பலகைக்கு 64 பிட் இயங்குதளத்தை ஒரு புதுக் கார்டில் எழுதி, பேக்கப்பைத் திரும்ப ஏற்றினால் போதும். வார்த்தைகள், ஆட்டோமேஷன்கள், ஃபேனின் பெயர் உட்பட எல்லாம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்ய வேண்டிய வேலை. முதல் புதன் அன்று மட்டும் வேண்டாம், .2 வரட்டும்.